மவுண்ட் சை உச்சியில் ஜியோகேச்: 65 வயது அப்பா, 11 வயது மகளோடு போகலாமா?

மன்னார்குடி மைந்தன் எழுதியது:

சியாட்டில் பக்கம் மலையேறுகிறவர்களுக்கும் ஜியோகேச் (யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டு) தேடுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 11 வயது. கோடை விடுமுறையில் தோழி வீட்டாரோடு பூங்காவுக்குப் போனவள், ஒரு மரப்பொந்திலிருந்து மாத்திரை டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த தாளில் பெயர் எழுதிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. சமாமிஷ் சுற்றுவட்டாரத்தில் விளக்குக் கம்பம், வேலி மூலை, பாலத்தடி என்று ஒன்று விடாமல் தேடியாகிவிட்டது. இப்போது அவளுக்கு மலை உச்சியில் இருக்கிற பெட்டி வேண்டும். நார்த் பெண்டைத் தாண்டும்போதெல்லாம் கார் ஜன்னலில் மவுண்ட் சையைக் காட்டி, "அது மேலே ஒண்ணு இருக்குப்பா" என்கிறாள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 65. பிரஷர் மாத்திரை உண்டு, மற்றபடி திடமான ஆள். வெள்ளியங்கிரி போய் வந்தவர். "ஏழு மலை ஏறினவனுக்கு இது என்னடா பெரிசு" என்று அவரும் கிளம்பி நிற்கிறார். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று எண்ணம்.

சந்தேகங்கள் இவை. ஜியோகேச் செயலியில் என்னிடம் இருப்பது இலவசக் கணக்கு. செயலியில் அந்த மலையைத் திறந்தால் உச்சிக்குக் கிட்டே எதுவுமே தெரியவில்லை. மகளின் தோழி வீட்டில் அவர்கள் போனில் தெரிகிறதாம். அது ஏன்? அப்புறம், தேடுவதற்கு போன் போதுமா, கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்கவேண்டுமா? பெட்டிக்காக அந்த ஹேஸ்டாக் என்கிற மொட்டைப் பாறை மேல் ஏறவேண்டியிருக்குமா? அதை யூடியூபில் பார்த்ததிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. கடைசியாக, "கிடைக்கவில்லை" என்று இரண்டு பேர் பதிந்திருப்பதாகத் தோழியின் அப்பா சொன்னார். அவ்வளவு தூரம் ஏறிப்போய்ப் பெட்டியே இல்லை என்றால் மகளைச் சமாதானம் செய்து கீழே கூட்டிவருவது என் தலையில்தான் விழும்.


சும்மா ஒருவன் எழுதியது:

3000 அடிக்கு மேல் ஏறிப்போய், யாரோ வைத்த பழைய டப்பாவில் பெயர் எழுதிவிட்டு இறங்குவதா? தெளிவான நாளாகப் பார்த்துப் போங்கள், ரெய்னியர் மலையைப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். டப்பாதான் வேண்டுமென்றால் காஸ்ட்கோவில் நிறைய இருக்கிறது.


இசக்வா இசக்கி எழுதியது:

முதலில் மேலே எழுதியவருக்கு: அந்த டப்பா மட்டும் இல்லையென்றால் என் பையன் பாதி மலைகளுக்கு வந்திருக்கவே மாட்டான். "காட்சி அழகா இருக்கும்" என்று சொல்லிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுப்பிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சரி, தம்பி, மலையிலிருந்து தொடங்குகிறேன். பெட்டி அப்புறம்.

மவுண்ட் சை போய்வர 8 மைல். ஏற்றம் 3150 அடி. இந்தப் பக்கத்தில் ரெய்னியர் ஏறப்போகிறவர்கள் முதுகில் கனத்த பையோடு பயிற்சிக்கு வந்து ஏறுகிற மலை இது, அதனால் காரிலிருந்து பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வளைந்து வளைந்து ஏறும் மண் பாதை, வேரும் கல்லும் கலந்து. செங்குத்து எங்கேயும் கிடையாது, ஆனால் மூச்சு வாங்கச் சமதளமும் கிடையாது. பாதி வழிக்குச் சற்று முன்னால் ஸ்னாக் பிளாட் என்று ஒரு இடம் வரும். மரப்பலகை போட்ட நடைபாதை, உட்கார பெஞ்சு, பழைய காட்டுத் தீயில் தப்பிய பெரிய டக்ளஸ் ஃபிர் மரங்கள். அப்பாவை அங்கே பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பாருங்கள். முகம் வெளுத்திருந்தாலோ பேச்சு குறைந்திருந்தாலோ அங்கிருந்தே திரும்பலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளியங்கிரி ஏறினவர் என்றால் நெஞ்சு தாங்கும். கவலைப்படவேண்டியது முழங்காலைப் பற்றி. இறங்கும்போது 3150 அடியும் முட்டியில்தான் இறங்கும். அங்கே அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கித்தானே ஏறியிருப்பார், இங்கே இரண்டு ட்ரெக்கிங் கம்பு கொடுங்கள், "எனக்கு எதுக்குடா" என்று சொன்னாலும் கையில் திணியுங்கள். இன்னொரு விஷயம், அவருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் மலைநடைக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது நாம் விலை பார்த்து வாங்குகிறோம், உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை.

அதற்கு முந்தின வாரம் பக்கத்திலேயே இருக்கிற லிட்டில் சை போய்வாருங்கள். 4 மைலுக்குக் கொஞ்சம் குறைவு, 1300 அடி ஏற்றம். அங்கே மூன்று பேரும் எப்படி நடக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் நடுவில் சூரியன் ஆறே கால் மணிக்கு விழும். அடர்ந்த ஃபிர் காட்டுக்குள் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இருட்டு. ஆகவே மதியம் ஒரு மணி என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெட்டி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு மணிக்குக் கீழே நடக்கத் தொடங்கவேண்டும். இதைக் கிளம்பும் முன்பே மகளிடம் சொல்லிவிடுங்கள். பெட்டி தேடுகிறவர்களுக்கு "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது ஒரு வியாதி. ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை. வழியில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உச்சிக் காற்றில் பல் கிட்டும். மலையேறுகிறவர்கள் கையில் இருக்கவேண்டிய பத்துப் பொருள்கள் என்ற பட்டியலே 1930களில் இதே சியாட்டில் மவுண்டனீர்ஸ் சங்கத்தில் பிறந்ததுதான்.

ஹேஸ்டாக் விஷயத்துக்கு வருகிறேன். நடைபாதை சுமார் 3900 அடியில் ஒரு கற்குவியலோடு முடிகிறது. அங்கேயே தெற்கே ரெய்னியர், கீழே நார்த் பெண்ட், எதிரே ரேட்டில்ஸ்னேக் ஏரி எல்லாம் தெரியும். அதற்கும் மேலே நிற்கிற மொட்டைப் பாறைதான் ஹேஸ்டாக். அதன் தலை 4167 அடி. கணக்குப்படி அதுதான் உச்சி. அங்கே ஏற கையும் காலும் வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், மேலே போகிறவர் காலில் பட்ட கல் கீழே நிற்கிறவர் தலையில் விழும். விழுந்து இறந்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டம்மா தூக்கம் கெட்டதில் தப்பே இல்லை. அந்தப் பாறையை மூன்று பேரும் தரையில் நின்று பார்த்தால் போதும்.

நீங்கள் கேட்கிற பெட்டியை நான் எடுத்திருக்கிறேன். இடத்தைச் சொல்ல மாட்டேன், அது முறையில்லை. ஹேஸ்டாக்கில் கால் வைக்கவேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லலாம். பெட்டிக்கான இணையப் பக்கத்தில் "T" (டெரெய்ன்) என்று நிலக்கடினம் போட்டிருக்கும், 1 முதல் 5 வரை. இதற்கு 3.5. பாறையில் கைவைத்து ஏறவேண்டியிருந்தால் அது 4, 4.5 என்று போயிருக்கும். கயிறோ படகோ முக்குளிப்புச் சாதனமோ வேண்டும் என்றால்தான் 5. சக்கர நாற்காலியில் போய் எடுக்க முடிந்தால் 1. இந்த எண்ணைப் பார்க்கப் பழகினால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

"கிடைக்கவில்லை" என்ற இரண்டு பதிவுகளை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இரண்டும் மார்ச் மாதம். அப்போது மேலே பனி கிடக்கும், முழங்கால் ஆழம் இருந்தால் பெட்டி எங்கே தெரியப்போகிறது? இரண்டு பேரில் ஒருவர் புதுசு, அவர் கணக்கில் இருபது பெட்டிகூட இல்லை. அதற்குப் பிறகு ஜூலையில் ஒருவர் எடுத்துப் பதிந்திருக்கிறார், கணக்கில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிற ஆள். ஆகவே பெட்டி இருக்கிறது. எத்தனை பேர் கிடைக்கவில்லை என்றார்கள் என்று எண்ணாதீர்கள். யார், எந்த மாதத்தில் சொன்னார்கள் என்று பாருங்கள்.

தேடுகிற விதம். அம்புக்குறி 10 மீட்டர் என்று காட்டியதும் போனைச் சட்டைப் பைக்குள் போடுங்கள். அதற்கு மேல் அதைப் பார்த்து நடந்தால் வட்டமடித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நின்று, "நான் ஒளித்து வைத்தால் எங்கே வைப்பேன்" என்று யோசியுங்கள். வைத்தவர் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறார், கூட்டம் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் வைக்கமாட்டார், மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்திலும் வைக்கமாட்டார். மண்ணைத் தோண்டிப் புதைப்பது விளையாட்டின் விதிப்படி பொதுவாகக் கூடாது, அதனால் மண்ணைக் கிளற வேண்டாம், பாசியைப் பிய்க்கவும் வேண்டாம். இயற்கையாக விழாத ஒழுங்கில் கிடக்கிற குச்சியும் கல்லும்தான் உங்களுக்கு அடையாளம்.

சனிக்கிழமை அந்த உச்சியில் திருவிழாக் கூட்டம் இருக்கும். மகிள்கள், அதாவது விளையாட்டு தெரியாத வெளியாட்கள், பார்க்கும்போது பெட்டியை எடுத்தால் அடுத்த வாரம் அது காணாமல் போகும். ஒருவர் தேடட்டும், மற்றவர்கள் செருப்பில் கல் மாட்டின பாவனையில் உட்கார்ந்து மறைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் இதில் கெட்டிக்காரர், கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் எதையோ ரொம்ப ஆர்வமாகப் பார்ப்பார், கூட்டம் முழுக்க அங்கே திரும்பிவிடும்.

பெட்டியின் இணையப் பக்கத்தில் குறிப்பு ஒன்று பூட்டிக் கிடக்கும், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி வைத்திருப்பார்கள். செயலியில் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். ஆனால் முதல் நாளே தாளில் எழுதிக்கொடுத்து மகளைக் கையால் அவிழ்க்கச் சொல்லுங்கள். கார் பயணத்துக்குச் சரியாக இருக்கும்.

பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தாளில் பேனா கிறுக்கும், குளிரில் எழுதவே எழுதாது. உள்ளேயிருந்து ஒரு பொம்மையை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்கவேண்டும். பம்பரம், கண்ணாடி வளையல் மாதிரி ஏதாவது வைத்தால் அடுத்து வருகிற பிள்ளை மகிழும். கடலை மிட்டாய் வைக்கிறேன் என்பாள் உங்கள் மகள், என் பையனும் சொன்னான். தின்பண்டம் எதுவும் கூடாது. எலி பிளாஸ்டிக்கைக் கடித்துத் திறக்கும், கரடி பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகும்.


கிர்க்லாந்து கீதா எழுதியது:

இசக்கி அக்கா சொன்ன பிறகு எனக்கு வேலை குறைவு. வண்டி நிறுத்துவது மட்டும்: ஐ-90இல் 32ஆம் வெளிவழி, நார்த் பெண்ட் வே, அங்கிருந்து மவுண்ட் சை ரோடு. டிஸ்கவர் பாஸ் கண்ணாடியில் தொங்கவேண்டும். அது மாநில நிலம், தேசியக் காடுகளுக்கான நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் அங்கே செல்லாது. பாஸ் இல்லாவிட்டால் அபராதம் 99 டாலர். ஏழு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும், ஒன்பதுக்குப் போனால் சாலையோரம் சுற்றவேண்டியதுதான். கழிப்பறை அடிவாரத்தில் மட்டும். மேலே கிடையாது, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பையை வண்டிக்குள் வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிட்டுப் போகாதீர்கள், மலையடிவார நிறுத்தங்களில் கண்ணாடி உடைப்பது சகஜம்.


செயற்கைக்கோள் சேகர் எழுதியது:

போன் போதும். தனிக் கருவி வாங்கி இந்த ஒரு மலைக்காக 200, 300 டாலர் போடவேண்டாம். ஆனால் சில விஷயங்கள்.

இலவசக் கணக்கில் அதிகாரப்பூர்வச் செயலி சிரமம் கூடிய பெட்டிகளைக் காட்டாது. அதே கணக்கோடு இணையதளத்தில் நுழைந்தால் தெரியும், பிரீமியம் (காசு கட்டுகிற) உறுப்பினருக்கு மட்டும் என்று வைத்தவர் பூட்டியிருந்தால் தவிர. ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியிலும் தெரியும். வீட்டிலேயே வைஃபையில் பெட்டியின் விவரத்தையும் அந்தப் பகுதி வரைபடத்தையும் இறக்கி வைத்துவிடுங்கள். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மின்கலமும் நிற்கும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயத்தொலைவைக் கையால் தட்டினால் கவனம். ஜியோகேச்சில் பாகையும் தசம நிமிடமும் போடுவார்கள். உச்சிப் பக்கம் வடக்கு 47° 30.500 என்று வைத்துக்கொள்வோம். இதை 47.30500 பாகை என்று கூகுள் வரைபடத்தில் தட்டினால் அது உங்களை 22 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே கொண்டுபோய் நிறுத்தும். 30.500 என்பது நிமிடம், 60ஆல் வகுத்தால்தான் பாகை, 47.50833. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர், நம் அட்சரேகையில் கிழக்கு மேற்கில் 1.25 மீட்டர்தான்.

திறந்த வானத்தில் போன் 5 மீட்டருக்குள் காட்டும். ஈரம் ஏறிய ஃபிர் இலைக்கு அடியில் கெடும். பெரிய பாறைச் சுவருக்குப் பக்கத்தில் இன்னும் மோசம், சிக்னல் பாறையில் பட்டு நீண்ட வழியில் வந்து சேர்வதால் நீங்கள் நிற்காத இடத்தில் நிற்பதாகக் கணக்குப் போடும். ஹேஸ்டாக் பக்கம் அம்பு ஆடுவது இதனால்தான். இருபது அடி தள்ளிப்போய் அசையாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள், அம்பு எங்கே காட்டுகிறது என்று மனதில் ஒரு கோடு போடுங்கள், வேறு திசையிலிருந்து வந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் தேடுங்கள். வைத்தவருடைய கருவியும் தப்பாகக் காட்டியிருக்கலாம் என்பதால் சுற்றி 10 மீட்டர் விட்டுக்கொடுங்கள்.

இதற்கே நாம் கொடுத்துவைத்தவர்கள். 2000 மே தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்கள் சிக்னலை வேண்டுமென்றே கலைத்து வைத்திருந்தது, 100 மீட்டர் வரை தப்பு வரும். அதை நிறுத்திய கையோடு, மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் பக்கத்து மாநிலமான ஆரிகனில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். முதல் ஜியோகேச் அதுதான். அந்த வாளிக்குள் பீன்ஸ் டப்பா ஒன்றும் இருந்தது, இசக்கி அக்கா கவனிக்க. அந்த டப்பா இன்றைக்கும் ஒரு எண்ணோடு சந்திப்புகளுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விளையாட்டை நடத்துகிற நிறுவனம் சியாட்டிலில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பாதுகாப்புக்காக இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் செய்திக் கருவி வாங்கினால், அதை அப்பா பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.


மன்னார்குடி மைந்தன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய்வந்தோம், பெட்டியும் கிடைத்தது. இதைத் தேடி வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இடத்தைச் சொல்லாமல்.

ஏழுக்கு முன்பே நிறுத்தத்தில் இருந்தோம். கீழே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. ஸ்னாக் பிளாட்டில் அப்பா உட்கார்ந்தார், பேச்சு குறையவில்லை, கூடத்தான் செய்தது. பெஞ்சில் இருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஒவ்வொன்றாகக் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, கடைசி வரை தலையாட்டினார். அதற்கு மேலே பனியைத் தாண்டி வெயில் வந்துவிட்டது. கற்குவியலில் ஏறி நின்றபோது பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடியிருக்க, ரெய்னியர் மட்டும் அந்தப் பக்கம் தனியாக நின்றது. சும்மா ஒருவன் சொன்ன காட்சி, அதையும் பார்த்தோம்.

தேடலில் சேகர் சொன்னது அப்படியே நடந்தது. அம்பு ஒரு நிமிஷம் பாறையைக் காட்டும், அடுத்த நிமிஷம் பள்ளத்தைக் காட்டும். இரண்டு கோடு போட்டுப் பார்த்ததில் ஒரு விழுந்த மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் என்று சுருங்கியது. மகள் மரத்தின் ஒவ்வொரு சந்திலும் கையை விட்டுப் பார்த்தாள். நான் கூட்டத்துக்கு முதுகு காட்டிச் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கிற மாதிரி நின்றேன். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

கண்டுபிடித்தது அப்பா. அவர் தேடவே இல்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கட்டையை யாரோ திருப்பிப் போட்டிருக்காங்க" என்றார். சுற்றிக் கிடந்த கட்டை எல்லாவற்றிலும் பாசி மேல்பக்கம். அவர் காட்டிய மூன்று கட்டைகளில் மட்டும் பாசி அடியில் இருந்தது, மேலே வெறும் பட்டை. தூக்கினால் உள்ளே பச்சை நிறத் தகரப் பெட்டி, ராணுவத்தில் தோட்டா வைக்கிற வகை. பக்கவாட்டுப் பூட்டு துரு ஏறி இறுகியிருந்தது, மகள் இரண்டு கட்டை விரலாலும் நெம்பித் திறந்தாள். உள்ளே ஜிப் பையில் ஒரு சின்ன நோட்டு, மொட்டைப் பென்சில், பிளாஸ்டிக் டைனோசர், கனடா நாணயம், யாரோ ஒரு பிள்ளை பின்னிய கயிற்று வளையல், சங்கிலியில் தொங்குகிற எண் பொறித்த தகடு ஒன்று. வளையலை எடுத்துக்கொண்டு பம்பரத்தை வைத்தாள். அதைச் சாட்டையோடு எப்படிச் சுற்றுவது என்று படம் போட்டு ஒரு துண்டுத் தாளும் வைத்திருக்கிறாள். நோட்டில் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதினாள்.

சாப்பிடும்போது சாம்பல் நிறத்தில் ஒரு குருவி, மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, பக்கத்துப் பாறையில் வந்து உட்கார்ந்தது. பழக்கப்பட்டது போல ஒரே தாவில் அப்பா கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு போனது. இதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை! ஒரு மணி ஆகும் முன்பே இறங்கத் தொடங்கிவிட்டோம். அப்பா கம்பு வேண்டாம் என்று கீழே சொன்னார், இறங்கும்போது என்னுடையதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். நோட்டின் பின்பக்கங்கள் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தன, யாரிடம் சொல்வது? அந்தத் தகட்டை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள், அது தவறா? மூன்றாவதாக அப்பாவின் கேள்வி: மன்னார்குடியில் இப்படி ஒன்று வைக்கலாமா என்று தினமும் கேட்கிறார்.


இசக்வா இசக்கி எழுதியது:

அது கனடா ஜே. அந்த மலையில் முறுக்கு, சிப்ஸ், சாண்ட்விச் எதுவும் அதனிடம் தப்பாது. கைநீட்டிக் கொடுக்கிறவர்கள் பழக்கிவிட்டது. முகாம் கொள்ளைக்காரன் என்றே இங்கே பட்டப்பெயர். கொடுக்காமல் பிடுங்கினது என்பதால் உங்கள் அப்பா மேல் குற்றமில்லை.

திருப்பிப் போட்ட கட்டையைப் பாசி வைத்துப் பிடித்தாரே, அது எனக்குத் தோன்றியதில்லை. அடுத்த மலைக்கு அவரை எனக்குக் கடன் கொடுங்கள்.

நோட்டு ஈரம்: இணையத்தில் உங்கள் பதிவைப் போடும்போது "உரிமையாளர் கவனிக்கவேண்டும்" என்று ஒரு வகை இருக்கிறது, அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள், நோட்டு நனைந்திருக்கிறது என்று ஒரு வரி போதும். பெரும்பாலும் ஜிப் பையின் மூலை மூடியின் ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நூலிழைச் சந்து வழியாக ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கும். மூடும்போது விரலை வளையத்தைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். அடுத்த முறை போகிறவர்கள் டகோமாவில் செய்கிற ரைட் இன் த ரெயின் நோட்டு ஒன்று கையோடு கொண்டுபோனால் புண்ணியம். உங்கள் பதிவில் கட்டை, பாசி பற்றி எழுதாதீர்கள், படமும் போடாதீர்கள். இங்கே எழுதியதையும் நிர்வாகியிடம் சொல்லி அந்த ஒரு பத்தியை மறைத்துவிடச் சொல்லுங்கள்.

தகடு எடுத்தது தவறில்லை. அது பயணத் தகடு. அதன் எண்ணை இணையதளத்தில் தட்டினால் எங்கே கிளம்பியது, எங்கே போக ஆசைப்படுகிறது என்று வரும். இரண்டு வாரத்துக்குள் வேறொரு பெட்டியில் வைத்துவிடவேண்டும். எண்ணை மட்டும் எங்கேயும் பொதுவில் போடக்கூடாது, போட்டால் தகட்டைப் பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிந்துவிடுவார்கள்.

மன்னார்குடிக்கு வருவோம். நீங்கள் சமாமிஷில் உட்கார்ந்துகொண்டு அங்கே பெட்டி வைக்க விண்ணப்பித்தால் மறுத்துவிடுவார்கள். பெட்டி நனைந்தால், தொலைந்தால், போய்ப் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. விடுமுறையில் போனபோது வைத்துவிட்டு வந்தேன் என்பதெல்லாம் நடக்காது. ஆனால் அப்பா அங்கேதானே இருக்கிறார்? அவர் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்குங்கள். இங்கே இருக்கும்போதே ஒரு இருபது பெட்டியாவது எடுக்கட்டும், நல்ல பெட்டிக்கும் கெட்ட பெட்டிக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியவேண்டும். ஏற்கனவே இருக்கிற பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், மன்னார்குடியில் அந்தக் கவலை பெரிதாக இருக்காது. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். ராஜகோபாலசாமி கோயில் மதில், பேருந்து நிலையம், பள்ளிக்கூடம் பக்கம் எல்லாம் வேண்டவே வேண்டாம். கேட்பாரற்ற டப்பா என்று யாராவது போலீஸுக்குச் சொல்லிவிட்டால் அப்பாதான் ஸ்டேஷனில் போய் உட்காரவேண்டும். பெட்டியின் மேலேயே, உள்ளேயும் தாளில், இது என்ன விளையாட்டு என்று தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டி அங்கே வேண்டாம், அதைப் பார்த்தாலே கலவரம் ஆகிவிடும். ரப்பர் வளையம் உள்ள சாதாரணச் சாப்பாட்டு டப்பா போதும், உள்ளே கறிவேப்பிலை வாசனை போகிற வரை கழுவிவிட்டு.